பிரெய்ரி நாவல்களில் உழவுப் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பிரெய்ரி' எனப்படும் அமெரிக்கப் புல்வெளியில் நடக்கும் கிறிஸ்தவச் சரித்திரக் காதல் நாவல்களைப் படிப்பவர்கள் நம் டெல்டா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து இரண்டு குறைகள் வருவதுண்டு. முன்பின் தெரியாத ஆணைப் பெண் ஒரே நாளில் மணப்பது நம்பும்படி இல்லை என்பது ஒன்று. நடுவே உழவு, வீடு கட்டுதல், கிணறு வெட்டுதல் என்று பக்கம் பக்கமாக வருகிறது, தள்ளிவிட்டுப் படித்தால் போதும் என்பது மற்றொன்று. இரண்டாவதைச் செய்வதால்தான் முதல் குறை எழுகிறது. அந்தக் கல்யாணத்துக்கான காரணம் தள்ளிவிட்ட பக்கங்களில் இருக்கிறது. நாற்றங்காலும் வரப்பும் பட்டாவும் தெரிந்த நம் பக்கத்து வாசகர்கள் அதைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதம்.

இந்த வகை நாவல் பதிப்புலகில் வேர்விட்டது 1979-இல். கனடாவின் ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த ஜானெட் ஓக்கின் முதல் நாவலை மின்னியாபொலிஸ் நகரின் பெத்தனி ஹவுஸ் அந்த ஆண்டு வெளியிட்டது. மேற்கே போகும் வழியில் கணவனைப் பறிகொடுத்த இளம்பெண்ணிடம், அவனைப் புதைத்த அன்றே, மனைவியை இழந்த விவசாயி ஒருவன் வந்து மணம் பேசுவதில் அந்தக் கதை தொடங்குகிறது. நம்மூரில் காரியம் முடியுமுன் ஒருவன் இப்படி வந்து நின்றால் ஊரே திரண்டு துரத்தும். ஆனால் அவள் நிலையைப் பாருங்கள். எருது பூட்டிய கூண்டு வண்டி நாளொன்றுக்குப் பதினைந்து மைல் போனால் பெரிது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரவே இரண்டு நாள் பிடிக்கும் வேகம் அது. பனி விழத் தொடங்கிவிட்டால் கிழக்கே திரும்பும் வண்டிக்கூட்டம் அடுத்த வசந்தத்தில்தான். அதுவரை துணிக்கூண்டுக்குள் தனியாக உயிரோடு இருக்க முடியாது. மணம் செய்துவைக்கும் போதகர் குதிரைமேல் ஊர் ஊராகச் சுற்றுபவர். ஒரு சுற்று முடித்துத் திரும்பிவரச் சில வாரங்கள் ஆகும், கடுங்குளிரில் அதுவும் இல்லை. ஆகவே அவர் வந்த நாளில் நடக்காத கல்யாணம் ஐந்தாறு மாதத்துக்கு நடக்காது. நாவலாசிரியர் இந்தக் கணக்கை முதல் மூன்று அத்தியாயத்துக்குள் கொடுத்திருந்தால் நாவல் நம்பும்படி நிற்கும். கொடுக்காமல் "தேவசித்தம்" என்று மட்டும் எழுதிக் கடந்தால் அது சோம்பல் எழுத்து.

அடுத்தது நிலச் சட்டம். 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம்தான் இந்தக் கதைகளில் பாதியை நடத்துகிறது. 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் வரை பதிந்துகொள்ளலாம். குடியுரிமை இருக்க வேண்டும், அல்லது அதற்கு விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும். கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர் அளவில் ஆகும். ஆறு மாதத்துக்குள் குடியேறி, ஐந்து ஆண்டு அங்கேயே இருந்து பயிர் செய்து, பிறகு இரண்டு சாட்சிகளோடு நில அலுவலகம் போய் நிரூபித்தால் பட்டா கிடைக்கும். நாவல்களில் 'ப்ரூவிங் அப்' என்று வருவது இந்தக் கடைசிப் படி. ஆறு மாதத்துக்கு மேல் இடத்தை விட்டுப் போனவரின் பதிவை எதிர்த்து வேறொருவர் மனுக் கொடுக்கலாம். வில்லன்கள் கதாநாயகனை ஏதாவது சாக்கில் ஊரைவிட்டு அனுப்பப் பார்ப்பது இதற்காகத்தான். ஐந்து ஆண்டு காத்திருக்க முடியாதவர் ஆறு மாதம் குடியிருந்து ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி முன்னதாகவே வாங்கிவிடலாம்; 160 ஏக்கருக்கு 200 டாலர். 1891-க்குப் பிறகு அந்த ஆறு மாதம் பதினான்காக உயர்ந்தது. "இருநூறு டாலர் கடன்" என்று ஒரு நாவலில் வந்தால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

பலவீனமான நாவல்கள் வழுக்கி விழும் இடமும் இதுவே. "மறுமணம் செய்யாவிட்டால் விதவையின் நிலம் பறிபோகும்" என்ற முடிச்சு அடிக்கடி வருகிறது. அமெரிக்கச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பதிந்த கணவன் இறந்தால் மீதி ஆண்டுகளை முடித்து விதவையே பட்டா வாங்கலாம். மணமாகாத பெண்ணும் 21 வயதானால் தன் பெயரிலேயே பதியலாம். கணவனோடு வாழும் மனைவிக்குத்தான் தனிப் பதிவு கிடையாது. சட்டம் விதவைக்கு நிலத்தைக் கொடுத்தது, ஏர் பிடிக்க ஆளைக் கொடுக்கவில்லை. உண்மையான நெருக்கடி அதுதான், அதை எழுதுகிற நாவலே நல்ல நாவல். கனடாவில் கதை வேறு. அங்கே 1872-இன் டொமினியன் நிலச் சட்டம் 160 ஏக்கரைப் பத்து டாலருக்கு, மூன்று ஆண்டுக் குடியிருப்பின் பேரில் கொடுத்தது. ஆனால் 1876 முதல் பெண்களில் குடும்பத் தலைவியாக இருப்பவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை. எனவே சஸ்காட்செவனில் இருபத்திரண்டு வயதுக் கன்னிப்பெண் இலவச நிலம் பதிவதாக ஒரு நாவல் தொடங்கினால், எழுதியவர் எல்லைக் கோட்டைக் கவனிக்கவில்லை என்று பொருள்.

அக்கம்பக்கத்தில் தனித்தனியே பதிந்த ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. இருவரும் தத்தம் நிலத்தில் குடியிருந்தாக வேண்டும், மணமானால் எந்த வீட்டில் இருப்பது? எல்லைக் கோட்டின் மேலேயே, பாதி இவள் நிலத்தில் பாதி அவன் நிலத்தில் விழும்படி வீடு கட்டும் காட்சியைக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். அதிகாரி அதை ஏற்பாரா என்ற பயம் கதை முழுக்க ஓடும்.

160 ஏக்கர் என்றதும் நாம் செய்யும் தவறு ஒன்று உண்டு. நம் கணக்கில் அது ஏறத்தாழ 24 வேலி. ஐந்து பேர் குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் என்று 1970 முதல் உச்சவரம்பு உள்ள மாநிலத்தில் 24 வேலிக்காரர் பெரிய மிராசு. அதே நினைப்பில் கதாநாயகனைப் பணக்காரன் என்று எண்ணிக்கொண்டால், அவன் மனைவி ஒரு கஜம் துணிக்கு ஏங்குவது புரியாது. அங்கே காவிரி இல்லை, வாய்க்கால் இல்லை. நூறாவது தீர்க்கரேகைக்கு மேற்கே ஆண்டு மழை இருபது அங்குலத்தைத் தொடாது, அதாவது 500 மில்லிமீட்டருக்கும் கீழே. அந்த மண்ணில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்கே போதவில்லை. "ஏர் போகும் இடத்துக்குப் பின்னாலேயே மழை வரும்" என்று நில வியாபாரிகளும் ரயில் கம்பெனிகளும் பரப்பிய நம்பிக்கையில் போனவர்கள் 1890-களின் வறட்சியில் திரும்பி வந்தார்கள். நாவல் நெப்ராஸ்காவின் கிழக்கில் நடக்கிறதா மேற்கில் நடக்கிறதா என்று முன்பக்க வரைபடத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

இனி உழவு. பிரெய்ரி மண்ணைப் புல் வேர்கள் பாய் பின்னியதுபோல் இறுக்கியிருக்கும். சாதாரணக் கலப்பையில் மண் ஒட்டிக்கொண்டு நகராது. 1837-இல் ஜான் டீர் செய்த எஃகுக் கொழு இந்த ஒட்டலைத்தான் தீர்த்தது. முதல் உழவைப் புல் தளதளவென்று வளரும் மே, ஜூன் மாதங்களில், இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் உழுது புரட்டிப் போடுவார்கள். ஆழமாகப் போனால் வேர் மக்காது. மக்கியபின் கோடை முடிவில் மறு உழவு. கோதுமை மறு ஆண்டுதான். முதல் ஆண்டில், புரட்டிய கட்டியைக் கோடரியால் கொத்தி அந்தப் பிளவில் மக்காச்சோள விதையைப் போட்டு மிதித்துவிடுவார்கள், கிடைத்தது லாபம். ஏப்ரலில் வந்திறங்கிய தம்பதி அந்த ஆகஸ்டிலேயே பொன்னிறக் கோதுமை வயலில் கைகோத்து நிற்பதாக எழுதிய நாவலை, அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும், நம்பாதீர்கள்.

எந்த மாநிலத்தில் எந்தக் கோதுமை என்பதும் நமக்குக் குறுவை, சம்பா, தாளடி போலத்தான். டகோட்டாவிலும் மின்னசோட்டாவிலும் பனி உருகியபின் ஏப்ரலில் விதைத்து ஆகஸ்ட் வாக்கில் அறுப்பார்கள். கான்சாஸில் செப்டம்பர், அக்டோபரில் விதைத்து, பயிர் பனிக்கடியில் உறங்கி எழுந்து, ஜூன் கடைசியில் அல்லது ஜூலையில் அறுவடை. 'டர்க்கி ரெட்' என்னும் அந்தக் குளிர்காலக் கோதுமையை 1874-இல் ரஷ்யாவிலிருந்து கான்சாஸ் வந்த மென்னோனைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவுக் குடியேறிகளோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். ஜூன் மாத அறுவடைக் கல்யாணம் கான்சாஸில் சரி, டகோட்டாவில் தவறு. சம்பாவை ஆடியில் அறுத்தேன் என்று ஒருவர் எழுதினால் திருவாரூரில் எத்தனை பேர் சும்மா இருப்பார்கள்?

மண்கட்டி வீட்டைப் பற்றிய பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். மரம் இல்லாத ஊர். புல்லோடும் வேரோடும் ஓர் அடி அகலம், நான்கு அங்குலக் கனத்தில் மண்ணைப் பட்டையாகப் பெயர்த்து, மண்வெட்டியால் துண்டு போட்டு, புல் பக்கம் கீழே இருக்கும்படி கல் போல அடுக்குவார்கள். இரண்டு மூன்று வரிசை ஒட்டி அடுக்குவதால் சுவர் இரண்டு அடிக்கு மேல் கனமாகும். பதினாறுக்கு இருபது அடி வீட்டுக்கு அரை ஏக்கர் முதல் ஓர் ஏக்கர் வரையிலான மண் வேண்டும். ஜன்னல் சட்டத்துக்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு அதில் துணியையோ புல்லையோ திணித்துவைப்பார்கள், ஏனென்றால் சுவர் நாளாக ஆகக் கீழே அமரும், இடைவெளி இல்லாவிட்டால் கண்ணாடி நொறுங்கும். கூரைக்கு ஒரு விட்டம், அதன்மேல் குச்சி, புல், மறுபடியும் மண்கட்டி. வெயிலுக்கும் குளிருக்கும் அருமையான வீடு, மழைக்கு ஆகாது. வெளியே மழை நின்றபின்னும் உள்ளே சேற்றுநீர் சொட்டிக்கொண்டிருக்கும். மண்ணும் பூச்சியும் சில சமயம் பாம்பும் விழும் என்பதால் உட்கூரையில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டுவார்கள். கதாநாயகி அந்தத் துணியை வெளுத்துக் கட்டும் காட்சி வந்தால், அவள் அந்த வீட்டைத் தன் வீடாக ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். பக்கத்தைத் தள்ளியவர் இதைத்தான் இழக்கிறார். அடுப்புக்கு விறகு இல்லாமல் 'சிப்ஸ்' பொறுக்கிவந்தாள் என்று இருக்கும். அது காட்டெருமை அல்லது மாட்டுச் சாணம், நம் வறட்டியேதான். முதல் நாள் கூசிக்கொண்டு குச்சியால் எடுப்பவள் பின்னர் கையாலேயே பொறுக்குவாள். அதுவும் தீர்ந்த குளிர்காலத்தில் காய்ந்த புல்லைப் பிரி திரிப்பதுபோல் முறுக்கி எரிப்பார்கள்.

கதை நடக்கும் ஆண்டுகளையும் பாருங்கள். பயிரையும் சேணத் தோலையும் தின்ற பெரும் வெட்டுக்கிளிப் படையெடுப்பு 1874-இல். அந்த இனமே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அற்றுப்போனது. பள்ளிப் பிள்ளைகளை வழியில் மறித்துக் கொன்ற பனிப்புயல் 1888 ஜனவரி 12.

பக்தி விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாவல்களில் காதலுக்குக் குறுக்கே நிற்கும் பெரிய தடை சாதியோ பணமோ அல்ல, 2 கொரிந்தியர் 6:14. அவிசுவாசியோடு அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதே என்ற வசனம். ஜோடி சேராத மாடுகளை நுகத்தடியில் பூட்டினால் தடி சாயும், ஒரு மாட்டின் கழுத்து புண்ணாகும், சால் கோணும் என்பது நம் விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை. ஆகவே அவனோ அவளோ மனந்திரும்பிய பிறகே கல்யாணம். அந்த மனந்திரும்புதல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கவனியுங்கள். கடைசி இருபது பக்கத்தில் வந்து மறு அத்தியாயத்தில் மணமணி அடித்தால், அங்கே விசுவாசம் கல்யாண அனுமதிச் சீட்டாகச் சுருங்கிவிட்டது. அதன்பின் அவன் எதையாவது விட்டுக்கொடுக்கிறானா, பழைய பகையை மன்னிக்கிறானா, பயிர் போன வருஷத்திலும் ஜெபிக்கிறானா என்று காட்டும் நாவலே மனதில் நிற்கும். முதலில் கல்யாணம், பிறகு காதல் என்று போகும் கதைகள் பெரும்பாலும் இதில் தேறுவதற்குக் காரணம், நுகம் ஏற்கெனவே கழுத்தில் இருப்பதுதான். இவற்றின் அடியில் கிடப்பது ரூத்தின் கதை: விதவை, அந்நிய ஊர், அறுவடைக் களம், நிலத்தை மீட்கும் உரிமையுள்ள உறவினனான சுதந்தரவாளி. ரூத் புத்தகத்தின் நான்கு அதிகாரங்களையும் முன்னால் ஒருமுறை வாசித்துவிட்டால் பாதி நாவல்களின் எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

இவற்றை எழுதுவோர் பெரும்பாலும் சீர்திருத்த சபைகளின் வழிவந்தவர்கள். தரங்கம்பாடி, தஞ்சாவூர் லுத்தரன் குடும்பங்களுக்கு நார்வே, ஜெர்மன் குடியேறிகளின் சபை வாழ்க்கை பழகியதாகவே இருக்கும். வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் நடந்து போகும் கத்தோலிக்க வாசகருக்கு மாதாவும் பாவசங்கீர்த்தனமும் இல்லாத இந்த உலகம் கொஞ்சம் வெறுமையாகத் தோன்றலாம். பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முத்தத்தோடு கதவு சாத்தப்பட்டுவிடும், அதில் கவலை வேண்டாம். ஆனால் பிரசவ மரணமும் குழந்தை மரணமும் நிறைய வரும். அவற்றைத் தாங்கும் வயதா என்று பார்த்துக் கொடுங்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்த நிலம் யாருடையது என்பதை. "ஆளில்லாத வெறும் புல்வெளி" என்று பல நாவல்கள் தொடங்கும். அங்கே பாவ்னி, ஓமாஹா, ஓசேஜ், லகோட்டா, டகோட்டா என்னும் பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். ஹோம்ஸ்டெட் சட்டம் வந்த அதே 1862-இன் டிசம்பர் 26-இல் மின்னசோட்டாவின் மன்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். மறு ஆண்டு அந்த மக்கள் மாநிலத்தைவிட்டே விரட்டப்பட்டார்கள். 1890 டிசம்பர் 29-இல் வூண்டட் நீ என்னும் இடத்தில் லகோட்டா மக்கள் படுகொலை. தலைமுறையாகக் குடியிருந்தவனின் இடம் பதிவேட்டில் புறம்போக்கு என்று ஏறினால் என்ன நடக்கும் என்பதை டெல்டாவுக்கு யாரும் கற்பிக்க வேண்டாம். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் 1971-இல் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டமும் வரும்வரை நம் ஊர்களில் எத்தனை குடும்பங்கள் மிராசுதார் சொன்னால் இரவோடு இரவாகப் பெயர வேண்டியிருந்தது! அந்த மண்ணில் நின்று படிக்கும் நாம், கதாநாயகி தன் பட்டாவைக் கையில் வாங்கி அழும்போது அவளோடு அழலாம். அந்தப் பட்டாவில் பெயர் இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877-இல் கான்சாஸில் உருவாக்கிய நிக்கோடெமஸ் போன்ற ஊர்கள் இந்த வகை நாவல்களில் அரிதாகவே வருகின்றன. வந்தால் தேடிப் படியுங்கள்.

தமிழில் மொழிபெயர்க்க நினைக்கும் பதிப்பகங்களுக்கும் சில சொல்ல வேண்டும். 'பிஸ்கட்' அங்கே தேநீரில் தோய்க்கும் பிஸ்கட் அல்ல, சோடா உப்புப் போட்டு அடுப்பில் சுட்ட மெத்தென்ற சிறு ரொட்டி. 'டின்னர்' மதியச் சாப்பாடு, இரவுக்கு 'சப்பர்'. 'கார்ன்' மக்காச்சோளம், பழைய ஆங்கில வேதாகமத்தில் அதே சொல் பொதுவாகத் தானியம். 'காலிகோ' கவுன் மலிவான அச்சடித்த பருத்தித் துணி, அந்தப் பெயரே நம் கோழிக்கோட்டிலிருந்து போனது. வசனங்களைப் புதிதாக மொழிபெயர்க்காமல் வாசகர் கையிலிருக்கும் வேதாகமத்திலிருந்து எடுங்கள். 'கர்த்தர்' என்ற பழைய மொழிபெயர்ப்பா, 'ஆண்டவர்' என்ற பொது மொழிபெயர்ப்பா என்று முதலிலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். புதிய ஏற்பாட்டைச் சீகன்பால்கு 1715-இல் தமிழில் அச்சிட்டு முடித்த தரங்கம்பாடி நம் பக்கத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து காதில் ஊறிய தொடர்கள் இவை. பாடல்களுக்கும் அப்படியே. "வாட் எ ஃபிரெண்ட்" என்ற கீர்த்தனையை அவர்கள் பாடினால், "பாவ சஞ்சலத்தை நீக்க" என்று நாம் பாடுவதையே போடுங்கள். அதன் வரிகள் 1855-இல் எழுதப்பட்டவை. 1850-இல் நடக்கும் கதையில் அது ஒலித்தால் மூலத்திலேயே பிழை.

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதி தமிழில் உண்டு. நிர்ப்பந்தத்தால் மணந்த இருவரும் முதலில் ஒருவரையொருவர் 'நீங்கள்' என்றுதான் பேச வேண்டும். அவன் அவளை எந்த இடத்தில் 'நீ' என்கிறான், அவள் எந்த இடத்தில் 'ஏங்க' என்று கூப்பிடத் தொடங்குகிறாள் என்பதைக் கவனமாகத் தேர்ந்தால் காதல் மலர்ந்ததைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. முதல் பக்கத்திலிருந்தே 'நீ', 'டா' என்று போட்டுவிட்டால் அந்த நாவலின் உயிரே போய்விடும்.

கடைசியாக, மாவட்ட நூலகங்களுக்கும் பங்குகளிலும் திருச்சபைகளிலும் உள்ள சிறு நூலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இவை பெரும்பாலும் மூன்று, நான்கு, எட்டு என்று தொடராக வருபவை. முதல் பாகத்தின் மணமக்கள் மூன்றாம் பாகத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பார்கள். நன்கொடையாக வரும்போது நடுப்பாகங்கள் மட்டும் வந்து சேர்கின்றன, அலமாரியில் தலைப்பின் அகரவரிசையில் சிதறிவிடுகின்றன. முதுகட்டையில் தொடரின் பெயரையும் பாக எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, ஒரே தட்டில் வரிசையாக வையுங்கள். வாங்குவதற்குப் பணம் குறைவு என்றால் ஐந்து தொடர்களின் ஒவ்வொரு பாகத்தை வாங்குவதைவிட ஒரு தொடரை முழுதாக வாங்குங்கள். முதல் பாகம் இல்லாத தொடரை, அது கிடைக்கும்வரை, இரவல் பகுதியில் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை